நாள் கணக்கு: அன்றும் இன்றும்

ஆடி பிறக்கும் முன்பே பெண் வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். கல்யாணமாகி ஓரிரு மாதமே ஆன பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஆடி முடியும்வரை மாப்பிள்ளை அங்கே போய்த் தங்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் பாட்டிமார் விரல் மடக்கிக் காட்டுவார்கள்: ஆடியில் கரு நின்றால் சித்திரையில் பிரசவம், கத்திரி வெயிலைப் பிள்ளை பெற்றவளும் தாங்கமாட்டாள், பச்சைக்குழந்தையும் தாங்காது. மின்விசிறியும் பக்கத்தில் ஆஸ்பத்திரியும் இல்லாத ஊரில் அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பொறுப்போடு போட்ட கணக்கு அது.

பிள்ளைப்பேற்றுக்கு நம் குடும்பங்கள் நாள் பார்த்தது பெரும்பாலும் இப்படித்தான், மாதத்தையும் நட்சத்திரத்தையும் வைத்து. சாந்தி முகூர்த்தத்துக்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்கள். அந்த நாள் பெண்ணின் மாதவிலக்கில் வந்து விழாமல் இருந்தால் போதும். அன்றைக்கு அவளுடைய சினைப்பையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று கேட்க அந்தக் கணக்கில் இடமே இல்லை.

அவளுடைய நாள் வீட்டுக்குத் தெரியாமலும் இல்லை. கொல்லைப்புறத்தில் தனித் திண்ணை, தனித் தட்டு, தனிப் பாய் என்று மூன்று நாள் ஒதுங்கி இருந்தவளுடைய கணக்கு, தெருவில் தண்ணீர் எடுக்கும் பெண்களுக்குக்கூட மனப்பாடம். அடுத்த மாதம் ஒதுங்கவில்லை என்றால் மாமியாருக்கு முதலில் தெரியும்.

“என்னம்மா, இந்த மாசம் தலைக்கு ஊத்திக்கிட்டியா?”

“ஆமாங்க அத்தை.”

அந்த ‘ஆமாங்க’வைச் சொல்லும்போது எத்தனை தலைமுறைப் பெண்கள் கண்ணை நிமிர்த்தாமல் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. கல்யாணமான ஆறாவது மாதத்திலிருந்து கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்ற கேள்வி துரத்தும். இரண்டு வருடம் தாண்டினால் கேட்பதை நிறுத்திவிட்டு முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அப்புறம் வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். சில வீடுகளில் மாப்பிள்ளைக்கு இரண்டாவது பெண் பார்க்கத் தொடங்குவார்கள், சில வீடுகளில் அவளுடைய சொந்தத் தங்கையையே.

இத்தனை கண்கள் எண்ணிய நாட்கள் எவை என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. எண்ணப்பட்டவை எல்லாம் ரத்தம் வரும் நாட்கள். அதாவது பிள்ளை உண்டாகவில்லை என்று உடம்பு அறிவிக்கும் நாட்கள். பிள்ளை உண்டாகக்கூடிய நாட்கள் மாதத்தின் நடுவில் எங்கோ வந்து யாரும் கவனிக்காமல் கடந்து போயின. கவனித்தாலும் தப்பாகக் கவனித்தார்கள்.

கருமுட்டை வெளிவரப் போகும் சில நாட்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற ஏறக் கருப்பை வாயில் சுரக்கும் நீர் மாறுகிறது. முன்னால் பிசுபிசுப்பாகவும் கெட்டியாகவும் இருந்தது, முட்டையின் வெள்ளைக்கருவைப் போலத் தெளிவாகி, இரு விரலுக்கு நடுவே இழுத்தால் அறுபடாமல் நீளும். விந்தணு உள்ளே நீந்திப் போகவும், அங்கே சில நாள் உயிரோடு காத்திருக்கவும் வழி செய்வது இந்த நீர்தான். உடம்பு வெளியே காட்டும் அறிகுறிகளில் இதைவிடத் தெளிவானது இல்லை. நம் வீடுகளில் இதற்கு வழங்கிய பெயர் வெள்ளைப்படுதல். உடம்புச் சூடு என்றார்கள். எலும்பு உருகி வருகிறது என்று பயமுறுத்தினார்கள். வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தார்கள், கற்றாழைச் சோற்றைக் கழுவிக் கொடுத்தார்கள். பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டிய வைத்தியர் விளம்பரங்களில் வெள்ளைப்படுதல், மூலத்துக்கும் மூட்டுவலிக்கும் பக்கத்தில் ஒரு நோயாக நின்றது. தன் உடம்பு கருத்தரிக்கத் தயாராக இருக்கிறது என்பதன் அடையாளத்தை ஒரு பெண் வெட்கத்தோடு துடைத்து மறைத்துவிட்டு, அது நிற்க மருந்தும் சாப்பிட்டாள். இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

அரிப்பு, துர்நாற்றம், தயிர்த் திரி போன்ற கட்டி, பச்சையோ சாம்பலோ கலந்த நிறம், இவற்றில் எது இருந்தாலும் அது தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும். தெளிவாக, வழுக்கலாக, மாதத்தில் சில நாள் மட்டும் வந்து போவது நோய் இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஜான் பில்லிங்ஸ் என்ற மருத்துவர் 1950-களில் இந்த நீரைப் பற்றிப் பெண்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதத் தொடங்கினார். பிறகு அவருடைய மனைவியும் மருத்துவருமான எவலின் பில்லிங்ஸும் சேர்ந்துகொண்டார். கேட்டபோதுதான் தெரிந்தது, பெரும்பாலான பெண்கள் இதை முன்பே கவனித்திருந்தார்கள் என்று. அதற்கு முன் அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

நம் பழைய நூல்கள் இந்த விஷயத்தில் முழு இருட்டில் இல்லை. தொல்காப்பியத்தின் கற்பியலில், பரத்தையிடம் போன தலைவனாக இருந்தாலும் மனைவியின் பூப்பை ஒட்டிய பன்னிரண்டு நாள் அவளை விட்டு நீங்கி இருப்பது அறமாகாது என்று ஒரு விதி இருக்கிறது. மனு, பூப்புத் தொடங்கியதிலிருந்து பதினாறு இரவுகளைக் கருவுக்கு உரிய காலமாக வைத்து, அதில் முதல் நான்கையும் பதினொன்றாவதையும் பதின்மூன்றாவதையும் விலக்கச் சொல்கிறது. கருமுட்டை என்ற ஒன்றை யாரும் கண்ணால் பார்த்திராத காலத்தில், இருபத்தெட்டு நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு இந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருந்தியே வருகிறது. ஐந்தாம் நாளிலிருந்து பதினாறாம் நாளுக்குள் அவளுடைய வளமான நாட்கள் அடங்கிவிடும். முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவளுக்குத்தான் இந்த விதியால் பயனில்லை. பிள்ளை வரம் கேட்டுக் கோயில் கோயிலாக ஏறி இறங்கியவர்களில் அவளைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இரட்டைப்படை இரவில் கூடினால் ஆண், ஒற்றைப்படை இரவில் கூடினால் பெண் என்று அதே மனு சொல்வதை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். ஆணா பெண்ணா என்பது எக்ஸ் குரோமோசோமோடு வந்த விந்தணு சேர்ந்ததா, ஒய்யோடு வந்தது சேர்ந்ததா என்பதைப் பொறுத்தது. கூடிய நாளுக்கும் பிறந்த பிள்ளையின் பாலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் தேடிப் பார்த்து, இல்லை என்று எழுதிவிட்டார்கள். இருந்தும் ‘ஆண் குழந்தைக்கு எந்த நாள்?’ என்று சொல்லித்தரும் காணொளிகள் இன்று கைபேசியில் தமிழிலேயே கிடைக்கின்றன. பெண்சிசுக் கொலையால் பெயர் கெட்டு, அதைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலத்தில் இந்தப் பேச்சை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐரோப்பா இதே காலக் கணக்கில் நம்மைவிட மோசமாக வழி தவறியது. 1827-இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் ஒரு நாயின் சினைப்பையில் கருமுட்டையைக் கண்டார். பாலூட்டியின் முட்டையை முதலில் கண்ட மனிதர் அவர். அதே நூற்றாண்டில் நாய்களை ஆராய்ந்தவர்கள் ரத்தக்கசிவு வரும் காலத்தை ஒட்டியே நாய் சினைக்கு வருவதைப் பார்த்து, பெண்ணுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார்கள். அதன்படி, விலக்கு நாட்களை ஒட்டித்தான் கரு தங்கும். நடு மாதம் பாதுகாப்பானது. பிள்ளை வேண்டாம் என்றவர்களுக்கு மருத்துவர்கள் நடு மாதத்தைக் குறித்துக் கொடுத்தார்கள், பிள்ளை வேண்டும் என்றவர்களுக்கு விலக்கு முடிந்த உடனடி நாட்களை. இரண்டுமே தலைகீழ். இது 1920-கள் வரை நீடித்தது.

அதைச் சரிசெய்தவர் ஜப்பானின் நீகாட்டா நகரத்து மருத்துவர் கியூசாக்கு ஒகினோ. வேறு காரணங்களுக்காக வயிற்றில் அறுவை செய்துகொண்ட பெண்களின் சினைப்பையைப் பார்த்து, முட்டை வெளியேறியதன் தடத்தைக் குறித்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு அடுத்த விலக்கு எப்போது வருகிறது என்று காத்திருந்து எழுதினார். எல்லோரும் போன விலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தபோது, அவர் வரப்போகும் விலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணினார். முட்டை வெளியாவது அடுத்த விலக்குக்குப் பன்னிரண்டிலிருந்து பதினாறு நாள் முன்பு என்று 1924-இல் எழுதினார். ஆஸ்திரியாவின் ஹெர்மன் கனாஸ் சில வருடங்களில் தனியாக ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார். இவர்களுடைய கணக்கை உலகம் கருத்தடைக்கு எடுத்துக்கொண்டது. கருத்தடைக்கு இதை நம்புவது சரியில்லை, தப்பிப்போகும் என்று ஒகினோ சொன்னதை அதிகம் பேர் கேட்கவில்லை.

அந்தக் கணக்கு இந்தியாவுக்கு வந்ததும் கருத்தடை வழியாகத்தான். சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காந்தியவாதி. செயற்கைக் கருத்தடையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1950-களின் தொடக்கத்தில் டில்லியின் லோதி காலனியிலும் அன்றைய மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் இந்த நாள் கணக்கைச் சோதித்துப் பார்த்தார்கள். பெண்களுக்கு ஆளுக்கொரு மணிமாலை கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். பச்சை மணி என்றால் பயமில்லை, சிவப்பு மணி என்றால் கரு தங்கும் நாள். விளக்கில்லாத வீட்டில் இரவில் பச்சை எது சிவப்பு எது? கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே போனால் ஊருக்கே கணக்குத் தெரிந்துவிடாதா? தாயத்தைப் போல மாலையே காப்பாற்றிவிடும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். திட்டம் வெற்றி பெறவில்லை. ஆனால் நம் நாட்டுச் சாதாரணப் பெண்ணின் கையில், உனக்கு வளமான நாட்கள் என்று சில இருக்கின்றன என்று ஒரு பொருளைக் கொடுத்துச் சொன்ன முதல் அரசு முயற்சிகளில் அது ஒன்று. அதையும் தவிர்க்க வேண்டிய நாட்கள் என்றுதான் சொன்னார்கள்.

பிறகு பல வருடம் சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம். ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று எழுதியது எழுதியதுதான். ஒன்றுகூட இல்லாத இருவருக்கு என்ன சொல்வது என்று அந்தச் சுவரில் எழுதியிருக்கவில்லை. பிள்ளை இல்லாத பெண் அரசமரத்தைச் சுற்றினாள், வேம்பில் மரத்தொட்டில் கட்டினாள், பாபநாசம் பக்கத்துத் திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் மந்திரித்த நெய்யை வாங்கிவந்து சாப்பிட்டாள். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று ஒரு பழமொழியும் அவளைக் குத்திக்கொண்டிருந்தது. அந்தக் கோயில்களுக்கு இன்றும் கூட்டம் குறையவில்லை, குறைய வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். தன் துக்கத்தைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்ட இடம் அன்றைக்கு அவளுக்கு அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கு நடந்தது டி அண்ட் சி. ‘வயித்தைக் கழுவி விட்டாங்க’ என்பார்கள். விலக்கு வரப்போகும் நேரத்தில் கருப்பையின் உட்சவ்வைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், அந்த மாதம் முட்டை வெளியானதா இல்லையா என்பதை அதன் தோற்றம் சொல்லும். சோதனைக்காகச் செய்ததை வைத்தியம் என்றே ஊர் புரிந்துகொண்டது. கழுவிவிட்டால் அடுத்த மாதம் நிற்கும் என்று பேர் பரவி, இரண்டு மூன்று தடவை கழுவிக்கொண்டவர்களும் உண்டு. முட்டை வந்ததா என்ற ஒரு கேள்விக்கு மயக்க மருந்தும் கத்தியும் தேவைப்பட்ட காலம் அது.

அந்தக் கேள்விக்கு இன்று மருந்துக் கடையில் விடை கிடைக்கிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, முட்டை முதிர்ந்ததும் எல்ஹெச் என்ற ஹார்மோனைத் திடீரென்று கொட்டுகிறது. அது சிறுநீரில் தெரிந்ததிலிருந்து ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளிவரும். 1977-இல் இங்கிலாந்தின் ஓல்டாமில் மருத்துவர் ஸ்டெப்டோவும் ஆய்வாளர் எட்வர்ட்ஸும் லெஸ்லி பிரௌன் என்ற பெண்ணின் ஒரே ஒரு முட்டையை எடுக்க நேரம் குறித்தது இந்த ஹார்மோனை வைத்துத்தான். சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீரை வாங்கி இரவும் பகலும் சோதித்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி லூயிஸ் பிரௌன் பிறந்தாள். உலகத்தின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்காக ஒரு ஆய்வகம் தூங்காமல் செய்த வேலையை, இன்று திருச்சியில் ஒரு பெண் பல் தேய்க்கும் நேரத்தில் ஒரு சீட்டில் சில சொட்டு விட்டுச் செய்துமுடிக்கிறாள். சோதனைக்கோடு ஒப்பீட்டுக்கோடு அளவுக்கு அடர்த்தியாகத் தெரிந்தால் ஹார்மோன் உயர்ந்துவிட்டது என்று பொருள்.

ஸ்கேன் அறை இன்னொரு பெரிய மாற்றம். 1979 வாக்கில் ஜெர்மனியில் ஹாக்கெலோயர் முதலானவர்கள் சினைப்பையில் முட்டைப்பை நாளுக்கு நாள் வளர்வதை அல்ட்ராசவுண்டில் தொடர்ந்து பார்க்க முடியும் என்று காட்டினார்கள். இன்று தாலுகா ஊர்களிலும் ‘ஃபாலிக்குலர் ஸ்டடி’ என்று எழுதிய பலகை இருக்கிறது. பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள், பதினாலாம் நாள் என்று வரச்சொல்வார்கள். நாளுக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்து, பதினெட்டிலிருந்து இருபத்துநாலு மில்லிமீட்டருக்குள் அது உடையும். நம் பெண்கள் இதற்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்: வெடிக்கிறது. ‘பதினெட்டு எம்எம் வந்திருச்சு, ஆனா வெடிக்கல’, ‘ஊசி போட்டு வெடிக்க வைக்கிறாங்க’ என்று வரிசையில் காத்திருக்கும்போது ஒருத்திக்கொருத்தி சத்தமாகவே சொல்லிக்கொள்கிறார்கள். பாட்டி கண்ணை நிமிர்த்தாமல் சொன்ன ‘ஆமாங்க அத்தை’யிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். எனக்கு இது பெருமையாகவே இருக்கிறது.

ஆனாலும் ஒரு தப்பு புதுச்சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. அதற்குப் பெயர் பதினாலாம் நாள். பாடப்புத்தகப் படத்தில் தொடங்கி, கைபேசிச் செயலிவரை அந்த எண் வேரூன்றிவிட்டது. பெண்ணின் சுழற்சியில் ஓரளவு நிலையாக இருப்பது பின்பாதி மட்டுமே: முட்டை வெளிவந்தபின் அடுத்த விலக்கு வரை பெரும்பாலும் பன்னிரண்டு, பதினாலு நாள். முன்பாதி நீளும், சுருங்கும். இருபத்துநாலு நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவளுக்குப் பத்தாம் நாளே முட்டை வரலாம்; முப்பத்தைந்து நாள்காரிக்கு இருபத்தோராம் நாள் ஆகலாம். ஒரே பெண்ணுக்கே காய்ச்சல், அலைச்சல், உடல் எடை, மனக்கவலை எதனாலும் அது இந்த மாதம் ஒன்றும் அடுத்த மாதம் ஒன்றுமாக நகரும். 2019-இல் ஒரு செயலியில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்தபோது, சராசரிச் சுழற்சி 29.3 நாள், முட்டை வெளிவரும் வரையிலான முன்பாதி சராசரியாக 16.9 நாள் என்று வந்தது. சரியாக இருபத்தெட்டு நாள் சுழற்சி 13 சதவீதம்தான்.

இதைவிட முக்கியமானது 1995-இல் அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. குழந்தைக்காக முயன்ற 221 பெண்கள் நாள்தோறும் சிறுநீர் சேமித்துக் கொடுத்தார்கள், கூடிய நாட்களைக் குறித்துக் கொடுத்தார்கள். கரு தங்கியது எல்லாம் ஆறு நாள் இடைவெளிக்குள்: முட்டை வெளிவந்த நாளும், அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். ஐந்து நாள் முன்பு கூடினால் வாய்ப்பு பத்தில் ஒன்று. முட்டை வரும் நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. மறுநாள் கூடியவர்களுக்கு ஒன்றுமில்லை. விந்தணு நல்ல நீரில் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். முட்டையோ வெளிவந்தபின் ஒரு நாளைத் தாண்டாது. ஆகவே முன்கூட்டி வந்து காத்திருக்க வேண்டியது விந்தணு. முட்டை வந்துவிட்டது என்று உறுதிசெய்துகொண்டு அப்புறம் கூடலாம் என்று இருந்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். காலையில் எழுந்ததும் வெப்பமானியை வாயில் வைத்துக் குறிக்கும் முறையில் உள்ள குறையும் இதுதான். புரோஜெஸ்டிரோன் சுரந்து உடம்புச் சூடு 0.2-லிருந்து 0.5 டிகிரி செல்சியஸ் ஏறுவது முட்டை வந்தபிறகு. சில மாதம் தொடர்ந்து எழுதினால் உங்கள் சுழற்சியின் போக்கு புரியும், அவ்வளவே.

இதே குழு 2000-இல் இன்னொன்றும் சொன்னது: அந்த ஆறு நாளும் முழுக்கப் பத்தாம் நாளிலிருந்து பதினேழாம் நாளுக்குள் அடங்கிய பெண்கள் 30 சதவீதம் பேர்தான். அச்சிட்ட அட்டவணையில் தன் நாளைத் தேடுகிற பெண்ணுக்கு யாராவது இதைச் சொல்லியாக வேண்டும்.

பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு இன்னும் சிக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் 10-லிருந்து 13 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. ‘நீர்க்கட்டி’ என்று நம் ஊரில் சொல்வது உண்மையில் வளர்ச்சி நின்றுபோன சிறு முட்டைப்பைகள்தான். இவர்களில் பலருக்கு எல்ஹெச் எப்போதும் சற்று உயர்ந்தே இருப்பதால் சோதனைச் சீட்டு நாள்கணக்காகக் கோடு காட்டி ஏமாற்றும். செயலி சொல்லும் தேதிக்கும் அவர்கள் உடம்புக்கும் தொடர்பே இருக்காது. நாற்பது, ஐம்பது நாள் தள்ளித் தள்ளி விலக்கு வருகிறவர்கள் சீட்டை வாங்கிக் குவிக்காமல் முதலிலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. முட்டையை வளரவைக்க நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. பலருக்கு அவையே போதும்.

செயலியைப் பற்றி இன்னொன்று. அன்று அவள் கணக்கு மாமியாரிடமும் தெருவிடமும் இருந்தது. இன்று எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. பயனாளிகளின் விவரங்களை வேறு நிறுவனங்களோடு பகிர்ந்ததாக ஃப்ளோ என்ற பெரிய செயலியின் மீது அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2021-இல் அது ஒப்பந்தத்தில் முடிந்தது. கைபேசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாலும் கணக்கு ஒன்றுதான், அதை வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

அன்றைக்கும் இன்றைக்கும் மிகக் குறைவாக மாறியிருப்பது ஆண்கள் பக்கம். அன்று அவனை யாரும் கேட்டதில்லை. இன்றும் பல வீடுகளில் மனைவி ஐந்து ஸ்கேன் முடித்தபிறகும் கணவன் ஒரு விந்துச் சோதனைக்கு வர நாள் கடத்துகிறான். பிள்ளை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. எல்லாச் சோதனைகளிலும் அதுதான் எளிது: ஊசி இல்லை, வலி இல்லை, இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தால் போதும். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை, மூன்று மாதம் ஆகும். ஆகவே இன்று புகையை விட்டவனுக்குப் பலன் தெரிய ஒரு பருவம் பொறுக்க வேண்டும். அடுப்பு, உலை, இன்ஜின் சூட்டில் வேலை செய்கிறவர்கள் அதை மருத்துவரிடம் தாங்களாகவே சொல்ல வேண்டும்.

நாளைத் தீர்மானிப்பதில் இன்று பஞ்சாங்கத்தின் இடத்தைப் பிடித்திருப்பது லீவு. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருடத்துக்கு ஒரு மாதம் வருகிறவன், பெங்களூரிலிருந்து சனி இரவு வந்து ஞாயிறு இரவு பஸ் ஏறுகிறவன், சரக்கோடு வடக்கே போய்ப் பதினைந்து நாள் கழித்துத் திரும்பும் லாரி ஓட்டுநர். இவர்களுடைய மனைவிமார் வருடக்கணக்கில் ‘குழந்தையில்லை’ என்ற பேரைச் சுமக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால், வருடத்தில் அவர்களுடைய வளமான நாட்களில் கணவன் வீட்டில் இருந்த மாதங்கள் இரண்டோ மூன்றோதான். அது நோயே இல்லை. டிக்கெட் போடும் முன் இருவரும் அவளுடைய தேதியைப் பேசிக்கொண்டால் பாதி தீரும். வெளிநாட்டிலிருப்பவன் ஒரு மாத விடுமுறையை இரண்டு பதினைந்து நாளாகப் பிரித்துக் கேட்க முடியுமா என்று பார்க்கலாம்.

கூடவே இருக்கும் தம்பதிகளுக்கு வேறு வகைத் துன்பம். சீட்டில் கோடு தெரிந்ததும், ஸ்கேன் அறையிலிருந்து ‘இன்னைக்கும் நாளைக்கும் ஒண்ணா இருங்க’ என்று சொல்லி அனுப்பியதும், அந்த ராத்திரி ஒரு தேர்வாகிவிடுகிறது. ஷிப்ட் முடித்துக் களைத்து வந்தவனால் முடியாமல் போகிறது, அவள் அழுகிறாள், அவன் மொட்டை மாடிக்குப் போய் நிற்கிறான். இவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒரு நாளைக் குறிவைக்க வேண்டாம் என்பதுதான். விலக்கு நின்றதிலிருந்து, நீர் தெளிவாகி நீளத் தொடங்கியதும் விடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் ஆறு நாளும் தானாக அதில் அடங்கிவிடும். ஒரு ராத்திரி தவறியது ஒரு மாதத்தைத் தவறவிட்டது ஆகாது. எல்லாம் சரியாக இருந்து, நாளும் சரியாக அமைந்தாலும்கூட ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்றுதான். வருட முடிவில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கரு தங்கிவிடும்.

ஆகவே முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருடம் முயன்று பார்க்கலாம். முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். விலக்கு ஒழுங்கில்லாதவர்கள், இடுப்புக்குழிக்குள் பழைய தொற்றோ காசநோயோ வந்தவர்கள், சினைப்பையிலோ விரையிலோ அறுவை நடந்தவர்கள் காத்திருக்கவே வேண்டாம். ஃபோலிக் அமிலத்தைக் கரு நின்றபிறகு தொடங்குவதைவிட முயற்சியைத் தொடங்கும்போதே எடுப்பது நல்லது. குழந்தையின் தண்டுவடம் உருவாவது பெண்ணுக்கு நாள் தள்ளியிருப்பது தெரியவரும் அதே வாரங்களில்.

2023-இல் உலக சுகாதார நிறுவனம், உலகில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று அறிவித்தது. தெருவுக்குத் தெரு கருத்தரிப்பு மையங்கள் முளைத்திருக்கின்றன. 1990-இல் சென்னையில் கமலா செல்வராஜின் மருத்துவமனையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோது அது நாளிதழ்களுக்கு அதிசயச் செய்தி. இன்று வீடு விற்றும் நகை அடகு வைத்தும் செய்யும் வைத்தியமாகிவிட்டது. அந்தப் படி ஏறுமுன் கேட்டுவிட வேண்டிய சில எளிய கேள்விகள் இருக்கின்றன: முட்டை வருகிறதா, எப்போது வருகிறது, அந்த நாட்களில் நாங்கள் சேர்ந்திருந்தோமா, விந்துச் சோதனை முடிந்ததா, கருக்குழாய் திறந்திருக்கிறதா. இவற்றுக்கு விடை தெரியாமல் லட்சங்களைப் பற்றிப் பேசும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, கடைசி நாலைந்து மாதம் விலக்கு தொடங்கிய தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கணவரின் மருந்து, வேலை, வெளியூர் நாட்கள் ஆகியவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். ஓபி சீட்டு போடும் கவுன்டரில் பெண் பெயரை மட்டும் கேட்டால், இருவர் பெயரிலும் போடச் சொல்லுங்கள்.